பிரிவதென்று முடிவான பிறகு: கவுன்சிலிங், சமரசம், ஒப்பந்தம்

குடும்ப நீதிமன்றத்தில் விவாகரத்து மனு ஏற்கப்பட்டு வழக்கு எண் கிடைத்து, எதிர்த்தரப்பும் ஆஜரானதும் நீதிபதி முதலில் சொல்வது "கவுன்சிலிங் போயிட்டு வாங்க" என்பதுதான். சாட்சி, குறுக்கு விசாரணை எல்லாம் அதற்குப் பிறகு. சேர்த்து வைக்கவோ பேசி முடிக்கவோ முயல்வதை நீதிமன்றத்தின் கடமையாகவே 1984ஆம் ஆண்டு குடும்ப நீதிமன்றங்கள் சட்டத்தின் 9ஆம் பிரிவு வைத்திருக்கிறது. பலரும் இதை ஒரு சடங்காக எடுத்துக்கொண்டு, ஆளுக்குப் பத்து நிமிடம் பழைய கதையைச் சொல்லித் திட்டிவிட்டு, "ஒத்து வரலைங்க" என்று எழுதிக்கொடுத்துப் போய்விடுகிறார்கள். பிறகு ஜீவனாம்சத்துக்கு ஒரு வழக்கு, குழந்தையைப் பார்க்க ஒரு மனு, நகைக்கு ஒரு புகார் என்று வாய்தா மேல் வாய்தா ஓடும்.

தமிழ்நாட்டில் வழக்கில் இருப்பவர்களுக்கும் வழக்குப் போடும் யோசனையில் இருப்பவர்களுக்கும் இந்தக் குறிப்புகள். பேசி முடித்த விஷயங்கள் மறுபடி வழக்காகத் திரும்பி வருவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம், எழுதியது போதாமல் போவது. "தந்தை அவ்வப்போது குழந்தையைப் பார்த்துக்கொள்ளலாம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால், அந்த "அவ்வப்போது" என்ற சொல்லுக்காகவே ஆறு மாதத்தில் திரும்ப வர வேண்டியிருக்கும். கிழமை, மணி, இடம், தொகை, தேதி, கணக்கு எண் என்று எழுதினால்தான் அது நிற்கும்.

எந்தக் கதவைத் தட்டுவது

பேச்சுவார்த்தை நடக்கும் இடங்கள் பல. ஒவ்வொன்றுக்கும் எல்லை வேறு.

அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தால் முதலில் சி.எஸ்.ஆர். ரசீது (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சீட்டு) தருவார்கள், இரு தரப்பையும் கூப்பிட்டுப் பேசுவார்கள். அடி உதை, மிரட்டல், நகையைப் பிடித்து வைத்திருப்பது போன்றவற்றுக்கு அது சரியான இடம். விவாகரத்து கொடுக்கவோ, குழந்தை யாரிடம் என்று தீர்மானிக்கவோ போலீசுக்கு அதிகாரம் இல்லை. அங்கே எழுதி வாங்கிய காகிதம் பிற்பாடு ஒரு சாட்சியமாக உதவலாம். அதற்கு மேல் அதற்கு வலு கிடையாது.

குடும்ப நீதிமன்றக் கவுன்சிலரிடம் நீதிபதிதான் அனுப்புவார். அவர் முதலில் பார்ப்பது சேர்ந்து வாழ வழி உண்டா என்பதை. இல்லையென்றால் பிரிவை எப்படி முடிப்பது என்று பேசுவார். வக்கீல்கள் உள்ளே உட்காருவதில்லை.

சமரச மையத்தில் பயிற்சி பெற்ற சமரசர், பெரும்பாலும் அனுபவமுள்ள ஒரு வக்கீல், இரு தரப்பையும் உட்கார வைத்துப் பேசுவார். சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் 2005 ஏப்ரல் 9 அன்று தொடங்கிய தமிழ்நாடு சமரச மற்றும் இணக்க மையம், நீதிமன்றத்தோடு இணைந்த சமரச மையங்களில் நாட்டிலேயே முதலாவது. இப்போது மாவட்ட நீதிமன்ற வளாகங்களிலும் மையங்கள் இருக்கின்றன. கட்சிக்காரர்களிடம் கட்டணம் வாங்குவதில்லை. கவுன்சிலரிடம் பேச்சு முட்டி நின்றால், குறிப்பாகப் பணமும் சொத்தும் பெரிய சிக்கலாக இருந்தால், "சமரச மையத்துக்கு அனுப்புங்கள்" என்று நீங்களே நீதிபதியிடம் கேட்கலாம். கேட்காமல் இருப்பவர்கள்தான் அதிகம்.

வழக்கே இன்னும் போடவில்லையென்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுத்தாலே எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் போகும், பேச்சு தொடங்கும். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் எவ்வளவாக இருந்தாலும் இலவச வக்கீல் உண்டு (1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம், 12ஆம் பிரிவு). தொலைபேசி எண் 15100.

ஊர்ப் பஞ்சாயத்தில் பெரியவர்கள் முன்னால் பேசி, ஸ்டாம்ப் பேப்பரில் எழுதி, நோட்டரி முத்திரை வைத்து "இன்று முதல் இருவருக்கும் சம்பந்தம் இல்லை" என்று முடித்துக்கொள்வது இன்றும் நடக்கிறது. அது விவாகரத்து ஆகாது. சில சமூகங்களில் தீர்த்துவிடும் வழக்கம் உண்டு, இந்து திருமணச் சட்டத்தின் 29ஆம் பிரிவு அந்த வழக்கத்தைக் காப்பாற்றவும் செய்கிறது. ஆனால் அப்படியொரு வழக்கம் நெடுங்காலமாக இருக்கிறது என்று நீதிமன்றத்தில் நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில்தான் விழும். அந்தக் காகிதத்தை நம்பி மறுமணம் செய்துகொண்டவர்கள் பின்னால் இருதார வழக்கில் மாட்டுகிறார்கள். பஞ்சாயத்தில் பேசியது நல்ல முடிவாகவே இருந்தாலும், அதையே பரஸ்பர சம்மத மனுவாகப் போட்டுத் தீர்ப்பு வாங்கிக்கொள்ளுங்கள்.

அடி உதை இருந்தால் வரிசை மாறும்

வன்முறை நடக்கும் வீட்டில் "இரண்டு பேரும் கொஞ்சம் விட்டுக்கொடுங்க" என்ற பேச்சு ஆபத்தானது. முதலில் பாதுகாப்பு உத்தரவு, பிறகுதான் சமரசம். பெண்கள் உதவி எண்ணான 181க்கு அழைத்தால் பாதுகாப்பு அலுவலரிடமோ, பாதிக்கப்பட்ட பெண்களுக்கு உதவும் சகி மையத்திடமோ வழி காட்டுவார்கள். 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டத்தின் கீழ் கவுன்சிலிங் நடந்தால், 2006ஆம் ஆண்டு விதிகளின் 14ஆம் விதிப்படி, இனி வன்முறையில் ஈடுபட மாட்டேன் என்று எதிர்த்தரப்பு உறுதிமொழி தர வேண்டும். "அவ வாய் பேசினா, அதான் அடிச்சேன்" என்று நியாயம் சொல்ல அங்கே இடமே இல்லை. கவுன்சிலர் இதை மறந்தாலும் நீங்கள் நினைவூட்டலாம்.

சமரச மையத்துக்கு அனுப்பப்பட்டிருந்தால், முதல் நாளே சமரசரிடம் தனியாகச் சொல்லுங்கள்: "ஒரே அறையில் உட்கார எனக்குப் பயமாக இருக்கிறது, தனித்தனியாகப் பேசுங்கள்." வருவதற்கும் போவதற்கும் வேறு வேறு நேரம் கேளுங்கள். பேச்சு முடிந்து வாசலில், பஸ் ஸ்டாப்பில் நடக்கும் மிரட்டல்தான் அதிகம். 20 நிமிட இடைவெளி அதைத் தடுக்கும்.

ஃபைலைத் தயார் செய்வது

முதல் அமர்வுக்கு வெறுங்கையோடு போனால் அது வீண். திருமணப் பதிவுச் சான்று (இல்லையென்றால் பத்திரிகையும் ஃபோட்டோவும்), குழந்தையின் பிறப்புச் சான்று, இருவரின் ஆதார் நகல், எப்போதிலிருந்து பிரிந்து இருக்கிறீர்கள் என்பதற்கு ஏதாவது ஒரு ஆதாரம், இவை அடிப்படை. இவற்றுக்கு மேல் மூன்று தாள்கள் முக்கியம்.

முதல் தாள் வருமானமும் கடனும். ஜீவனாம்சம் கேட்டு மனு இருந்தால், 2020இல் உச்ச நீதிமன்றம் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் வகுத்த படிவத்தில் இரு தரப்புமே சொத்து, வருமானம், செலவு, கடன் விவரங்களைப் பிரமாண வாக்குமூலமாகத் தாக்கல் செய்தாக வேண்டும். எப்படியும் எழுத வேண்டியதை சமரசத்துக்கு முன்பே எழுதிவிடுவது புத்திசாலித்தனம். சம்பளச் சீட்டு, வருமான வரிக் கணக்கு, வங்கிக் கணக்கு நகல், வீட்டுக் கடன் நிலுவை எல்லாம் இணையுங்கள். சம்பளத்தைக் குறைத்துக் காட்டினால், எதிர்த்தரப்பு ஒரு மனுப் போட்டு அலுவலகத்திலிருந்தே சம்பள விவரத்தை வரவழைத்துவிடலாம். பொய் வாக்குமூலத்துக்குத் தனி நடவடிக்கையும் உண்டு.

இரண்டாவது தாள் நகையும் சீரும். இதில்தான் அதிகக் கூச்சல். "எங்க பொண்ணுக்கு 40 பவுன் போட்டோம்" என்று ஒரு பக்கம், "25க்கு மேல இல்ல" என்று மறுபக்கம். இந்தப் பேச்சு ஓயவே ஓயாது. தாளில் கட்டம் போடுங்கள்: நகையின் பெயர், எடை கிராமில், யார் போட்டது, இப்போது யாரிடம், அடகில் இருந்தால் எந்த வங்கி, ரசீது எண், மீட்க எவ்வளவு. உதாரணத்துக்கு ஒரு வரி: "கல் வைத்த நெக்லஸ், 32 கிராம், தாய்வீட்டுச் சீர், கணவர் பெயரில் வங்கியில் அடகு, மீட்க 1,10,000 ரூபாய்." கடை பில் இல்லாவிட்டால் கல்யாண ஆல்பத்தைப் பார்த்து வரிசையாக எழுதலாம். பெண்ணுக்குப் போட்ட நகையும் சீதனமும் அவளுடைய தனிச்சொத்து என்று 1985லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே யாருடையது என்ற விவாதத்தில் நேரம் போக வேண்டாம், எங்கே இருக்கிறது என்று பேசுங்கள். பீரோ, கட்டில், பாத்திரம் போன்றவற்றை ஒரு பட்டியலாக எழுதி, வேண்டியதை மட்டும் டிக் செய்யுங்கள். பத்து வருடம் பழைய வாஷிங்மெஷினுக்காக ஒரு அமர்வு முழுக்கப் போவதெல்லாம் உண்டு.

மூன்றாவது தாள் குழந்தையின் மாதச் செலவு. பள்ளிக் கட்டணம், வேன், டியூஷன், சீருடை, மருத்துவம், பால், துணிமணி. வருடத்துக்கு ஒருமுறை வருபவற்றை 12ஆல் வகுத்துச் சேர்க்க வேண்டும். ஜூன் மாதக் கட்டணத்தைக் கணக்கில் சேர்க்காமல் மாதம் 8,000 என்று ஒத்துக்கொண்டு, ஜூன் வந்ததும் மறுபடி சண்டை தொடங்கும் கதை பல வீடுகளில் உண்டு.

அறைக்குள்

சமரசர் முதலில் இருவரையும் சேர்த்து உட்கார வைத்து விதிகளைச் சொல்வார். பிறகு தனித்தனியாகப் பேசுவார். தனியாகச் சொன்னதில் எதை மறுபக்கத்துக்குச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்று கேட்பார். அங்கே தெளிவாகச் சொல்லுங்கள்: "20 ஆயிரம் வரை தயார், ஆனால் இப்போதைக்கு 15 என்று மட்டும் சொல்லுங்கள்."

சமரச மையத்தில் பேசியது ரகசியம். பேச்சு தோற்றால் "உடன்பாடு ஏற்படவில்லை" என்பதற்கு மேல் நீதிபதிக்கு அறிக்கை போகக் கூடாது. யார் என்ன விட்டுக்கொடுத்தார்கள் என்பது வழக்கில் வராது. குழந்தை விஷயத்தில் மட்டும் ஒரு விலக்கு. குழந்தையோடு பேசிக் கவுன்சிலர் தரும் அறிக்கையை, குழந்தையின் நலனுக்காக நீதிபதி பார்க்கலாம் என்று 2019இல் உச்ச நீதிமன்றம் தீர்த்திருக்கிறது. குழந்தைக்கு வசனம் சொல்லிக்கொடுத்து அனுப்புகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். "அப்பா கெட்டவர், எனக்கு ஜீவனாம்சம் தரல" என்று ஆறு வயதுப் பிள்ளை சொன்னால், ஜீவனாம்சம் என்ற சொல் அந்த வாய்க்கு எப்படி வந்தது என்று கவுன்சிலருக்குத் தெரியாதா? அறிக்கையில் அது, சொல்லிக்கொடுத்தது அப்பாவோ அம்மாவோ, அவர் பெயரோடு சேர்ந்தே பதிவாகும்.

உறவினர் கூட்டத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். மாமா, சித்தப்பா, மச்சான் என்று எட்டுப் பேர் வராந்தாவில் நின்றால், உள்ளே ஒத்துக்கொண்டதை வெளியே வந்ததும் மாற்றிச் சொல்ல வைப்பார்கள். தரப்புக்கு ஒருவர் போதும். அவரும் இரண்டாவது அமர்வுக்குப் பிறகு வந்தால் நல்லது.

பேசும் விதமும் முக்கியம். "கல்யாணத்தன்னைக்கே உங்கம்மா என்னை மதிக்கல" என்பதற்கு எந்த ஒப்பந்தத்திலும் எழுத இடமில்லை. அந்தக் குறையின் அடியில் இருக்கும் தேவையைச் சொன்னால் இடம் உண்டு. "பிள்ளையைக் கொண்டுவந்து விடும்போது அத்தை வர வேண்டாம், நீங்க மட்டும் வாங்க" என்பது ஒப்பந்தத்தின் ஒரு வரியாகவே மாறும். முதல் அமர்வில் மனக்குறையைக் கொட்டலாம், கொட்டத்தான் வேண்டும். இரண்டாவது அமர்விலும் அதையே கொட்டினால் சமரசர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

ஒருவர் சேர்ந்து வாழ வேண்டும் என்றும் மற்றவர் முடியாது என்றும் நின்றால், மூன்று மாதம் சோதனையாக வாழ்ந்து பார்க்கலாமா என்று கவுன்சிலர் கேட்பார். ஒத்துக்கொள்வதானால் அதையும் எழுதுங்கள்: எங்கே குடியிருப்பது, தனிக்குடித்தனமா, வாடகை யார், பெரியவர்கள் எப்போது வந்து போவது, சண்டை வந்தால் முதலில் யாருக்குப் ஃபோன். இந்த நிலையில் வழக்கை வாபஸ் வாங்கிவிடாதீர்கள், வாய்தா மட்டும் கேளுங்கள். இன்னொன்றையும் தெரிந்து ஒத்துக்கொள்ள வேண்டும். மறுபடி கணவன் மனைவியாக வாழ்ந்தால், பரஸ்பர விவாகரத்துக்குத் தேவையான ஒரு வருடப் பிரிவு முதலிலிருந்து எண்ணப்படும்.

குழந்தையின் கால அட்டவணை

ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை சாதாரணமாகத் தாயிடம் இருக்கும் என்று 1956ஆம் ஆண்டு இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டம் சொல்கிறது. அதற்கு மேல் யாரிடம் என்பது குழந்தையின் நலனைப் பொறுத்தது. யாரிடம் இருந்தாலும் மற்றவரைப் பார்க்கும் உரிமை குழந்தைக்கு உண்டு. அது ஜீவனாம்சத்தோடு பண்டமாற்றுச் செய்கிற பொருளும் கிடையாது. "பணம் போட்டாத்தான் பிள்ளையைக் காட்டுவேன்" என்பதும் "பிள்ளையைக் காட்டினாத்தான் பணம்" என்பதும் நீதிபதிக்கு ஒரே மாதிரி எரிச்சலூட்டும். ஒப்பந்தத்தில் இரண்டையும் தனித்தனிப் பத்திகளில் எழுதி, ஒன்று தவறினாலும் மற்றது நிற்காது என்று ஒரு வரி சேருங்கள்.

அட்டவணை இப்படி இருக்கலாம்: "ஒவ்வொரு மாதமும் முதல், மூன்றாம் சனிக்கிழமை காலை 10 மணிக்கு, தாயின் வீட்டு வாசலில் தந்தை குழந்தையை அழைத்துக்கொள்வார். ஞாயிறு மாலை 5 மணிக்கு அதே இடத்தில் விடுவார். 30 நிமிடத்துக்கு மேல் தாமதமானால் ஃபோனில் தெரிவிக்க வேண்டும். குழந்தைக்குக் காய்ச்சல் என்றால், அந்த முறை அடுத்த வார இறுதிக்கு மாறும், ரத்தாகாது. செவ்வாய், வியாழன் இரவு 7.30 முதல் 7.50 வரை வீடியோ அழைப்பு."

ரத்தாகாது, மாறும் என்ற வரி இல்லாவிட்டால் ஒவ்வொரு சனிக்கிழமையும் குழந்தைக்குக் காய்ச்சல் வந்துவிடும். கைமாற்றும் இடமாகப் போலீஸ் ஸ்டேஷனை எழுதாதீர்கள். பிள்ளையின் மனதில் அப்பாவோ அம்மாவோ குற்றவாளி ஆகிவிடுவார். இரு வீட்டு வாசலிலும் சண்டை வரும் என்றால் பள்ளி விட்டதும் அங்கிருந்தே அழைத்துப் போவது, பொதுவான உறவினர் வீடு, பூங்கா, நீதிமன்றக் குழந்தைகள் மையம் என்று தேர்ந்தெடுங்கள். கைக்குழந்தைக்கு மாதம் இரண்டு முழு நாளைவிட, வாரம் மூன்று முறை ஒரு மணி நேரம் பொருந்தும். இரவு தங்குவதை வயதுக்கேற்பப் படிப்படியாகக் கூட்டலாம்: முதல் மூன்று மாதம் பகல் மட்டும், பிறகு ஒரு இரவு.

விடுமுறைகளை மறந்துவிடுவார்கள். காலாண்டு, அரையாண்டு விடுமுறைகள் ஆளுக்குப் பாதி. மே மாதத்தில் முதல் 15 நாள் ஒருவர், அடுத்த 15 நாள் மற்றவர். தீபாவளியும் பொங்கலும் ஒற்றைப்படை வருடம் ஒரு வீடு, இரட்டைப்படை வருடம் மறுவீடு. பிறந்தநாளன்று மாலை யாரோடு, இருவரும் ஒரே கேக்கை வெட்டப் போகிறீர்களா? இதையும் கேட்டுத்தான் எழுத வேண்டும்.

நம் ஊருக்கே உரிய ஒரு சிக்கல் விசேஷங்கள். மொட்டையும் காதுகுத்தும் தகப்பன் வழிக் குலதெய்வக் கோயிலில், உட்கார்வதோ தாய்மாமன் மடியில். ஒரு பக்கம் இல்லாமல் மறுபக்கம் நடத்த முடியாத சடங்கு அது. பிரிந்த பிறகு எந்தப் பக்கம் தேதி குறிக்கிறது, யார் யார் வரலாம், செய்முறைப் பணம் யாருடையது என்று நாலு வரி எழுதிவிட்டால், கோயில் வாசலில் நடக்கும் ரகளையைத் தவிர்க்கலாம். பெண் குழந்தைக்கு மஞ்சள் நீராட்டு விழா நடத்துவதா வேண்டாமா என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள்.

பள்ளியில் பெற்றோர் கூட்டம், மதிப்பெண் அட்டை, ஆபரேஷனுக்குச் சம்மதக் கையெழுத்து, பாஸ்போர்ட்டுக்கு இருவர் கையெழுத்து, ஊர் மாறினால் எத்தனை நாள் முன்னறிவிப்பு (60 நாள் நியாயமானது), இவையும் அட்டவணையில் சேரும். வெளிநாடு அழைத்துப் போவதற்கு எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்று தவறாமல் எழுதுங்கள்.

குழந்தையிடம் எப்படிச் சொல்வது என்றும் கவுன்சிலரைக் கேளுங்கள். முடிந்தால் இருவரும் சேர்ந்தே சொல்ல வேண்டும். "அப்பாவும் அம்மாவும் இனிமே வேற வேற வீட்டுல இருப்போம். நீ பண்ணின எதுனாலயும் இது நடக்கல. சனிக்கிழமை அப்பாகிட்ட, மத்த நாள் இங்க." இவ்வளவு போதும். யார் மேல் தப்பு என்று சொல்ல வேண்டாம். "உனக்கு யாரைப் பிடிக்கும்?" என்று பிள்ளையை ஒருபோதும் கேட்காதீர்கள், பாட்டி கேட்டாலும் தடுத்துவிடுங்கள். திரும்பி வந்த பிள்ளையிடம் "அங்க யாரு வந்தா, என்ன பேசினாங்க" என்று விசாரிப்பதும் அதே ரகம்தான். இரண்டு மாதத்தில் பிள்ளை இரு பக்கமும் பொய் சொல்லப் பழகிவிடும்.

பணம்

மொத்தத் தொகையா, மாதாமாதமா? மொத்தமாகத் தர வசதி இருந்தால் மனைவியின் பங்கை அப்படி முடிப்பதே நல்லது. வசூலுக்காக மறுபடி மனுப் போட வேண்டாம். குழந்தையின் செலவை மட்டும் தனியாக மாதாமாதம் வைத்துக்கொள்ளுங்கள், பிள்ளை வளர வளரச் செலவும் வளரும். வருடத்துக்கு இத்தனை சதவீதம் கூட்டுவது என்று எழுதாவிட்டால் எல்.கே.ஜி. தொகையே பத்தாம் வகுப்பு வரை ஓடும். "குழந்தைக்கு எதுவும் வேண்டாம்" என்று தாய் கோபத்தில் எழுதிக்கொடுத்தாலும் அது குழந்தையைக் கட்டுப்படுத்தாது. அந்த வரியை நம்பிக் கையெழுத்துப் போடும் தந்தைக்குப் பின்னால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

பரஸ்பர சம்மத விவாகரத்து இரண்டு கட்டமாக, இரண்டு மனுக்களில் நடக்கும் (முறை அடுத்த பகுதியில்). இரண்டாவது மனு விசாரணைக்கு முன் எவரும் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். இதனால் இரு பக்கமும் பயம்: பணத்தை வாங்கிக்கொண்டு வராமல் போய்விடுவாளோ, கையெழுத்தை வாங்கிக்கொண்டு பணம் தராமல் போய்விடுவாரோ. தவணையாகப் பிரிப்பதே இதற்கு வழி. 12 லட்சம் என்று பேசியிருந்தால், முதல் மனு தாக்கலாகும் அன்று 3 லட்சம், குற்ற வழக்கை முடிக்கும் ஆவணத்தில் கையெழுத்திடும் அன்று 3 லட்சம், இரண்டாவது மனு அன்று நீதிபதி முன்னிலையில் 6 லட்சம். எல்லாம் டிடியாக, டிடி எண்ணை நீதிமன்றப் பதிவில் ஏற்றி. ரொக்கமாகத் தருவதும் வாங்குவதும் வேண்டவே வேண்டாம். நகையைத் திருப்பித் தரும்போது சமரச மையத்திலேயே எடை போட்ட சீட்டோடு கொடுத்து, பட்டியலின் ஒவ்வொரு வரிக்கும் எதிரே கையெழுத்து வாங்குங்கள்.

கூட்டு வீட்டுக் கடன் இருந்தால், "இனி கடனைக் கணவர் கட்டுவார்" என்று நீங்கள் இருவரும் எழுதிக்கொள்வது வங்கியைக் கட்டுப்படுத்தாது. தவணை தவறினால் இருவரின் சிபில் ஸ்கோரும் விழும். ஒருவர் பெயரை விடுவிக்க வங்கி சம்மதிக்குமா என்று முன்பே எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டை ஒருவர் பெயருக்கு மாற்றுவதானால் பத்திரப் பதிவும் முத்திரைத்தாள் செலவும் யாருடையது என்பதையும் சேர்க்க வேண்டும்.

எழுதிக் கையெழுத்திடுவது

இந்து திருமணச் சட்டம் 13பி பிரிவின்படி, ஒரு வருடம் பிரிந்து இருந்த பிறகு இருவரும் சேர்ந்து முதல் மனு போடலாம். ஆறு மாதம் கழித்து, 18 மாதத்துக்குள் இரண்டாவது கட்டம். ஏற்கெனவே ஒன்றரை வருடம் பிரிந்து இருந்து, சமரச முயற்சிகளும் தோற்று, ஜீவனாம்சம், குழந்தை எல்லாவற்றையும் பேசி முடித்திருந்தால், அந்த ஆறு மாதத்தைத் தள்ளுபடி செய்யக் கேட்கலாம் என்று 2017இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. முதல் மனு போட்டு ஒரு வாரத்துக்குப் பின் அதைக் கேட்கலாம். ஒப்பந்தம் எவ்வளவு தெளிவாக இருக்கிறதோ அவ்வளவு சுலபமாகத் தள்ளுபடி கிடைக்கும். சிறப்புத் திருமணச் சட்டத்திலும் ஏறக்குறைய இதே முறை (28ஆம் பிரிவு). கிறிஸ்தவர்களுக்கான விவாகரத்துச் சட்டத்தின் 10ஏ பிரிவில் பிரிவுக் காலம் இரண்டு வருடம் என்று இருக்கிறது. முஸ்லிம் தம்பதிகள் முபாரத் முறையில் பரஸ்பரமாகப் பிரியலாம், அதையும் நீதிமன்றத்தில் பதிவாக்கிக்கொள்வது நல்லது.

கொடுமைப்படுத்தல் வழக்கு (பழைய 498ஏ, இப்போது பாரதிய நியாய சன்ஹிதா 85) நடந்துகொண்டிருந்தால், "வழக்கை வாபஸ் பெறுவேன்" என்று எழுதுவது போதாது. அது தமிழ்நாட்டில் கட்சிக்காரர்களே ராஜி செய்துகொள்ளக்கூடிய குற்றம் அல்ல. சென்னை உயர் நீதிமன்றத்திலோ மதுரைக் கிளையிலோ ரத்து மனு போட வேண்டும் (பழைய 482, இப்போது நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 528). மனுவை யார் போடுவது, செலவு யார், எத்தனை நாளுக்குள், மனைவி எந்தத் தேதியில் சம்மத வாக்குமூலம் தருவது என்று நான்கையும் எழுதுங்கள். மாமியார், நாத்தனார் பெயரும் வழக்கில் இருந்தால் அவர்களும் அந்த மனுவில் வர வேண்டும். இந்த ஒரு பத்தி விட்டுப்போனதால் விவாகரத்து கிடைத்த பிறகும் குற்றவியல் நீதிமன்றத்துக்கு நடப்பவர்கள் இருக்கிறார்கள். நிலுவையில் உள்ள வழக்குகள் அனைத்தையும் நம்பரோடு ஒரு பட்டியலாகப் போட்டு, ஒவ்வொன்றும் எப்படி முடியும் என்று எதிரே எழுதிவிடுவது உத்தமம்.

ஒப்பந்தத்தைத் தமிழில் கேளுங்கள், கேட்டால் தருவார்கள். "நியாயமான", "இயன்ற அளவு", "தேவைப்படும்போது", "சீக்கிரம்" என்ற சொற்கள் வரும் இடத்தில் எல்லாம் பேனாவை நிறுத்தி, எண்ணாகவோ தேதியாகவோ மாற்றச் சொல்லுங்கள். பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து. அன்றே கையெழுத்திட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, இரண்டு நாள் வீட்டில் வைத்துப் படிக்க அவகாசம் கேட்டால் நல்ல சமரசர் மறுக்க மாட்டார். சம்மதத்தின் பேரில் வந்த தீர்ப்புக்கு மேல்முறையீடு கிடையாது என்பதால் (குடும்ப நீதிமன்றங்கள் சட்டம், 19ஆம் பிரிவு) அந்த இரண்டு நாள் மதிப்புள்ளது. குழந்தை தொடர்பான பகுதி மட்டும் இறுக்கமானது அல்ல. சூழ்நிலை மாறினால் மாற்றக் கேட்டு எப்போதும் மனுப் போடலாம். பணம் வராவிட்டால் நிறைவேற்று மனு. அதற்குத்தான் தொகையும் தேதியும் தெளிவாக வேண்டும், "நியாயமான தொகை"யை எந்த நீதிமன்றமும் வசூலித்துத் தர முடியாது.

தீர்ப்பு வந்ததும் சான்றிட்ட நகல் நாலைந்து வாங்கி வையுங்கள். ரேஷன் கார்டில் பெயர் நீக்க, கேஸ் இணைப்பு மாற்ற, பாஸ்போர்ட்டில் துணையின் பெயர் எடுக்க, குழந்தையின் பள்ளிப் பதிவில் யார் அழைத்துப் போகலாம் என்று திருத்த, ஒவ்வொரு இடத்திலும் ஒரு நகல் கேட்பார்கள். பி.எஃப்., எல்.ஐ.சி., வங்கி நாமினேஷன்களை அந்த வாரமே மாற்றிவிடுங்கள். தீர்ப்பு வந்தாலும் அவை தாமாக மாறுவதில்லை.